கவாத்துக் காலம்

மல்லிகை வாசம் வந்தாலே மௌனிகாவுக்குக் குமட்டும். பஸ்ஸில் பூக்கூடைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய் நின்றுகொள்வாள். கல்யாண வீட்டு வாசலில் சரம் நீட்டினால், சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லிக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வாள். கல்யாண வயசுப் பெண்ணுக்கு மல்லிகை ஆகாது என்றால் ஊர் சும்மா இருக்குமா, என்னென்னவோ கதை கட்டியது. காரணம் இவ்வளவுதான்: மனிதர் கழித்ததை எல்லாம் விழுங்கித் தீர்க்கும் ஒரு செடியை அவள் உண்டாக்கியிருந்தாள். அந்த நாற்றம் மேலே தெரியாமல் இருக்க அதற்கு மல்லிகை வாசமும் கொடுத்திருந்தாள்.

அதுவும் அவளாக விரும்பிக் கொடுத்ததில்லை. செண்பகம், மரிக்கொழுந்து, மல்லிகை என்று மூன்று வகை செய்து காட்டினாள். அபார்ட்மெண்ட்வாசிகள் ஓட்டுப் போட்டு மல்லிகையைத் தேர்ந்தெடுத்தார்கள். சாக்கடைக்கு மேலே மல்லிகைப் பந்தல் போட்டால் சாக்கடை நாற்றம் போய்விடும் என்று நினைப்பவர்களை என்ன செய்வது. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் பிறக்கும். அது மூக்கில் ஒட்டினால் சோற்றிலும் வரும், தலையணையிலும் வரும்.

காட்டில் இருக்கிற குடுவைச்செடி ஈயையும் எறும்பையும் தின்று பிழைக்கிற சாது. அதன் இலையே சுருண்டு குடுவையாகிவிடும். உதட்டில் தேன் பூசிக்கொண்டு காத்திருக்கும். நக்க வந்த பூச்சி வழுக்கி விழுந்தால் அடியில் இருக்கும் நீரிலே கரைத்துக் குடித்துவிடும். மௌனிகா அதை மாற்றி மாற்றி வளர்த்து மாடி உயரத்துக்குக் கொண்டுவந்தாள். டயர் கனத்துக்குத் தோல் வைத்தாள். வீடுகளின் கழிப்பறைக் குழாய் நேராகக் குடுவையின் தொண்டைக்குள் போகும். போனது இலையாகவும் கொடியாகவும் ஆகிவிடும். கழிவுத் தொட்டியே வேண்டாம். அவளுக்கு விருது கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது சால்வை இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா நஞ்சப்பன் ஒரு மில் குடியிருப்பின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, அதற்குள்ளேயே செத்துப்போனார். மேலே தூக்கிப் போட்டபோது அவர் வாய் திறந்திருந்தது. வாய்க்குள் அடைத்திருந்ததை அம்மா தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். ஆள் இறங்கக் கூடாது என்ற சட்டம் அப்போதும் இருந்தது. சட்டத்துக்காக வாங்கிய இயந்திரங்கள் ஏதோ ஒரு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. காரியம் முடிந்த அன்று அம்மா வசந்தாமணி, மகளையும் மகனையும் நிறுத்திவைத்து, ஏற்றிய சூடத்தில் கையடித்துச் சத்தியம் வாங்கினாள். இந்த வீட்டில் இனி ஒருத்தரும் குழிக்குள் இறங்கக் கூடாது.

போகியன்று காலை மௌனிகா கோவைக்கு வடக்கே இருந்த வெண்முகில் அவென்யூ அபார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தாள். செடிகளைக் கொடுத்தது அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி மையம். அதன் சார்பில், குளிர்காலப் பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற வேலை. யாரை எங்கே அனுப்புவது என்பது வழக்கமாக மேலே முடிவாகும். இந்த இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் தம்பி கோகுல் இங்கே தோட்டக்காரன். கழுத்தில் 'தோட்டக்கலை உதவியாளர்' என்று அட்டை மாட்டி அவன் அனுப்பிய போட்டோவை அம்மா ஊரெல்லாம் காட்டியிருந்தாள். சொல்லாமல் போய் நின்று அவனைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. பைக்குள் அவனுக்குப் பொங்கல் சட்டை இருந்தது.

"வாங்க மேடம், வாங்க. டாக்டரம்மாவே நேர்ல வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஸ்வேஸ்வரன் வாசலுக்கே வந்தார். மில் ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர், மரியாதைக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

லிஃப்ட் கூடத்தைத் தாண்டிக் கார்கள் நிற்கும் தரையில் பெண்கள் சாயங்காலக் கோலப்போட்டிக்குக் கலர்ப்பொடியோடு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுகந்தி என்கிற அம்மாள் எழுந்து கூடவே வந்தாள்.

"மேடம், போன வருசம் மல்லிகை கும்முனு இருந்துச்சுங்க. இந்த மார்கழியில சுத்தமாக் கொறஞ்சுபோச்சு. கொஞ்சம் கூட்டிவிட முடியாதுங்களா?"

"செடி தூங்குதுங்க. குளிர் வந்தா எல்லாத்தையும் கொறைச்சுக்கும். வாசம், தேன், செரிமானம், எல்லாமே."

"செரிமானமுமா? அப்ப உள்ள போறது?"

"அதனாலதான் கார்த்திகை பொறந்ததும் குழாயை அடைச்சுரச் சொல்றோம். உள்ள இருக்கறதை முழுசாச் செரிச்சு, வயிறு காய்ஞ்சு, அப்புறமாத்தான் அது தூங்கணும். நாங்க அதை விரதம்னு சொல்லுவோம். விரதம் இருந்த குடுவை தை பொறக்கறதுக்குள்ள சருகாயிரும். அடியில ஒரு சாண் விட்டு மேல வெட்டிக் கவாத்துப் பண்ணினா வாழைமட்டை மாதிரி கையோட வந்துரும். மாசியில புதுக் குருத்து விடும்."

"கவாத்துப் பண்ணாம விட்டா?"

"பழசு அழுகி, அழுகல் கிழங்குக்கு எறங்கி, செடியே போயிரும்."

விஸ்வேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார். "மழைத்தண்ணி மட்டுந்தானுங்களே ஊத்தறீங்க? போர் தண்ணி உப்பு இதுக்கு ஆகாது" என்று மௌனிகா கேட்டதும் முகம் தெளிந்தது. "அதெல்லாம் கரெக்டாப் பண்றோமுங்க. நாங்க குளிக்கறது போர் தண்ணி, அதுக்கு மழைத்தண்ணி" என்று சிரித்தார்.

கட்டடத்துக்குப் பின்னால் மூங்கில் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். தட்டியைத் தாண்டியதும், குறைந்துபோனதாகச் சொன்ன அந்த மல்லிகையே வந்து மூக்கில் அறைந்தது. அதற்கு அடியிலே அந்த மூன்றாவது நாற்றம். குடுவைகள் வரிசையாகப் பழுப்பேறி நின்றன. மூடிகள் தொங்கிப்போய், உதடுகள் கறுத்து, ஓரத்தில் ஈ மொய்த்தது. விரதம் இருந்த குடுவையைத் தட்டினால் காலி டிரம் போல ஒலி வரும். மௌனிகா கோடியில் இருந்த குடுவையின் வயிற்றைத் தட்டினாள். ஊறின மண்சுவரைத் தட்டினதுபோல ஒரு சத்தமும் வரவில்லை. விரல்முட்டியில் பிசுபிசு என்று ஏதோ ஒட்டியது.

"குழாயை அடைக்கலீங்களா?"

"அது வந்துங்க" என்றார் விஸ்வேஸ்வரன். "கார்த்திகையில நம்ம ஐயப்ப சாமிமாருங்க, அன்னதானம். மார்கழியில வெளிநாட்டுப் பசங்க எல்லாம் லீவுக்கு வந்துட்டாங்க. வீடு நெறைய சனத்த வெச்சுக்கிட்டுக் குழாய அடைக்க முடியுங்களா? மனுசன் விரதம் இருப்பானுங்க, செடியுமா இருக்கோணும்?"

"அதுக்குத்தானே மாத்துத் தொட்டி ஒண்ணு கட்டச் சொன்னோம்."

"கட்டினோமுங்களே. அதுக்கு மேலதான் இப்பப் பசங்க ஷட்டில் ஆடறாங்க. எடம் வீணாப் போகக் கூடாதில்லீங்களா."

அப்போது நடுக் குடுவைக்குள் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஏணிக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ஒருவர் கயிற்றை இழுத்தார். உதட்டைத் தாண்டி ஒரு பக்கெட் மேலே வந்தது. அதற்குள் இருந்தது தளும்பி அவர் தோளில் வழிந்தது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை ஒரு மூடிபோட்ட டிரம்மில் கவிழ்த்தார். அடுத்து ஒரு கை வந்தது. கை என்று யோசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கறுப்பும் பழுப்புமாக வழிந்துகொண்டு, முழங்கையில் யாருடையதோ தலைமுடி சுருள் சுருளாகச் சுற்றியிருக்க, காதோரம் ஊறிப்போன பஞ்சு ஒன்று ஒட்டியிருக்க, ஓர் ஆள் உதட்டை இறுக மூடியபடி மேலே வந்து, ஏணியில் கால் வைத்து இறங்கினான்.

அவன் அவளைப் பார்த்தான். வெள்ளையாகத் தெரிந்தது கண் மட்டும்தான். அந்தக் கண் யாருடையது என்று மௌனிகாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வணக்கம் மேடம்" என்றான் கோகுல்.

அவள் தட்டி ஓரம் போய்க் குனிந்தாள். காலையில் சாப்பிட்ட இட்லி எல்லாம் வெளியே வந்தது. பின்னால் விஸ்வேஸ்வரன் பதறுவது கேட்டது. "அட, மேடத்துக்குத் தண்ணி கொண்டாங்கப்பா. பாவம், அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை." அவரும் சுகந்தியும் தண்ணீர் எடுக்க உள்ளே போனார்கள். போகும்போது சுகந்தி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

கோகுல் மூலையில் இருந்த குழாயடிக்குப் போனான். மௌனிகா அவன் பின்னால் போனாள். ஹோஸைத் தலையில் விட்டுக்கொண்டான், தண்ணீர் கறுப்பாக ஓடியது, பிறகு பழுப்பாக, பிறகு மஞ்சளாக.

"எப்பத்துல இருந்துடா?"

"சேந்ததுல இருந்தேதான்."

"அம்மாகிட்டக் கையடிச்சுச் சத்தியம் பண்ணினியேடா."

"குழிக்குள்ள எறங்க மாட்டேன்னுதானக்கா சத்தியம். இது ஏணி வெச்சு மேல ஏறுறது." சிரிக்கப் பார்த்தான். பல்லிடுக்கில் ஏதோ இருந்தது. திரும்பித் துப்பினான்.

மௌனிகாவுக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும் கை எழவில்லை. கூடப்பிறந்தவனைத் தொட அருவருத்தது. அப்படி அருவருத்த தன்னை நினைத்து அதைவிட அருவருத்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? எங்கக்கா செஞ்ச செடிக்குள்ளதான் நான் எறங்கறேன்னா? அம்மா உம்பட போட்டோவச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்குது."

பனியனைக் கழற்றினான். முதுகிலும் விலாவிலும் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. சில பழையவை, காய்ந்து தழும்பானவை. சில இன்றையவை, ஓரமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தன.

"குடுவைக்குள்ள இருக்கற முடியெல்லாம் கீழ பாத்து இருக்குதில்ல" என்றான், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. "எறங்கறப்ப ஒண்ணுந் தெரியாது, தடவிக் குடுக்கற மாதிரி இருக்கும். ஏறறப்பதான் ஒவ்வொண்ணும் கத்தி. தேங்கெண்ண பூசிக்கிட்டு எறங்கினாக் கொஞ்சம் பரவால்ல."

அந்த முடிகள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. உள்ளே விழுந்த எலி ஏறி வந்துவிடக் கூடாது என்று அவளேதான் அவற்றைத் தடிப்பாக்கினாள். ஒரு எலி கூடத் தப்பவில்லை என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒண்ணுதானக்கா. பெரியவன். அதையும் முடிச்சுட்டா இந்த வருசத்துக்குச் சோலி முடிஞ்சுது." கோடியில் தனியாக நின்ற குடுவையைக் காட்டினான். இருப்பதிலேயே பழையது, பருத்தது. அதன் மூடி முழுசாகக் கவிழ்ந்து உதட்டோடு ஒட்டிக்கிடந்தது.

"அது மூடிக் கெடக்குதுடா. உள்ள காத்தே இருக்காது."

"தெரியும். மூடியத் தூக்கித் தீவட்டியக் கயித்துல கட்டி விட்டுப் பாப்போம். அணைஞ்சா சித்த நேரம் பொறுத்து எறங்கறது."

"விட்டுப் பாத்தியா?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கோகுலு, அணைஞ்சுதாடா?"

"மூணு தடவை விட்டம். மூணு தடவையும் அணைஞ்சுது. மத்தியானம் வெயிலேறினாச் செரியாப் போகும்."

போன வருஷம் இப்படித்தான் வேறொரு அபார்ட்மெண்டில் ஒரு பையன் குடுவைக்குள் செத்தான். தோட்ட வேலையின்போது தவறி விழுந்து பலி என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்தது. மௌனிகா அதைப் படித்தாள். தோட்டத்தில் எங்கே போய்த் தவறி விழுந்தானோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். எங்கே என்று இப்போதுதான் தெரிந்தது.

"நீ எறங்கக் கூடாது. வா, போயிரலாம்."

"போயி? அட்டையில தோட்டக்காரன்னு போட்டிருக்குதுக்கா. அதைப் பாத்துட்டுத்தான் எனக்குப் பொண்ணு தரேன்னு சொல்லியிருக்காங்க. இதை உட்டா அப்பன் பாத்த வேலைதான் எனக்குக் குடுப்பாங்க. நான் எறங்கலைன்னா இவங்க இன்னொருத்தனக் கூட்டியாரப் போறாங்க, அவ்வளவுதான்."

விஸ்வேஸ்வரன் ட்ரேயில் தண்ணீரும் காப்பியுமாக வந்தார். அவர் கையாலேயே கொண்டுவந்தார், அதையும் சொல்ல வேண்டும். மௌனிகா தண்ணீரை வாங்கி வாய் கொப்பளித்தாள். காப்பியைத் தொடவில்லை.

"சார், ஆளை உள்ள எறக்கக் கூடாது. சட்டப்படி தப்பு."

"கழிவுத் தொட்டியில எறக்கக் கூடாது, சாக்கடையில எறக்கக் கூடாது. சட்டம் படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க செய்யறோம். இது தொட்டியுமில்ல, சாக்கடையுமில்ல. செடிங்க. செடியில செய்யற வேலைக்கு என்னங்க பேரு?"

அவள் தம்ளரை ட்ரேயில் திரும்ப வைத்தாள்.

"நீங்க வெச்ச பேருதானுங்க, மேடம். கவாத்து. நல்ல பேரு. கேக்கறவங்களுக்கு ரோசாச் செடி ஞாபகந்தான் வரும்." கிண்டல் செய்யவில்லை அவர், மனசாரப் பாராட்டினார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லை அவள்தான் தேடிப் பிடித்திருந்தாள். 'அகற்றுதல்', 'துப்புரவு' என்ற சொற்கள் தன் செடியின் பக்கத்தில் வரவே கூடாது என்று, தேயிலைத் தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் புழங்குகிற ஒரு சுத்தமான சொல்லை எடுத்து வைத்தாள். அந்தச் சொல்லின் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"வெளிய இருந்து அறுங்க. கீழ ஒரு பள்ளம் வெட்டித் தார்ப்பாய் விரிச்சு, அறுத்துக் கவுத்துட்டு, லாரி வெச்சு உறிஞ்சிக்கலாம்."

"உறிஞ்சற பைப்பு அடைச்சுக்குதுங்க. நாப்கினு, டயாப்பரு, எத்தனையோ தடவை சொல்லியாச்சு, யாரு கேக்கறாங்க. அப்புறம் அந்த லாரி இங்க வந்து நின்னா நாத்தம் எப்படியிருக்கும்? இன்னிக்குக் கோலப்போட்டி. நாளைக்கு விருந்தாளுங்க. ஒரு ஆள் உள்ள எறங்கினா வெளிய ஒரு சொட்டுச் சிந்தாது. அவங்களுக்கும் இது பழக்கமானதுதானுங்களே, தலைமுறையாப் பாக்கறவங்க."

"உள்ள காத்து இல்ல. செத்துருவான்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. பையன் கெட்டிக்காரன். நீங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துட்டுத்தான் போகோணும்" என்றார் விஸ்வேஸ்வரன்.

பேச்சுச் சத்தம் கேட்டு இரண்டு மூன்று பேர் பால்கனியில் வந்து நின்றார்கள். சுகந்தியும் இன்னும் சில பெண்களும் தட்டி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கையெல்லாம் கலர்ப்பொடி. மௌனிகா திரும்பியபோது கோகுல் குழாயடியில் இல்லை. ஏணியைத் தூக்கிப் பெரியவன் மேல் சாத்தி, பாதி ஏறியிருந்தான். அக்காவும் செயலாளரும் வார்த்தை வளர்த்துக்கொண்டு போவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. வாட்ச்மேன் கயிற்றைப் பிடித்திருந்தார். கோகுல் மூடியைத் தோளால் முட்டித் தூக்கினான். உள்ளேயிருந்து வந்த மூச்சில் முகத்தைச் சுளித்து ஒரு தரம் தள்ளாடினான். பிறகு ஒரு காலைத் தூக்கி உதட்டுக்கு உள்ளே போட்டான்.

"டேய் கோகுலு, கால எடுறா. எறங்கி வாடா கீழ. அக்கா சொல்றேன்ல."

தட்டி ஓரத்தில் பேச்சு நின்றது. கோகுல் காலை உள்ளே வைத்தபடியே கீழே பார்த்தான். எல்லாருக்கும் தெரிந்துபோச்சே என்ற கோபம் அவன் முகத்தில் இருந்தது.

"போ மேடம்" என்றான். "நான் பாத்துக்கறேன்."

"அப்பன் வாயில இருந்ததை அம்மா துடைச்செடுத்ததை நானும் பாத்தேன், நீயும் பாத்தே. உன் வாயில இருந்து நான் எடுக்க மாட்டேன்டா. எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல. எறங்கு."

கோகுல் குடுவைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தான். பிறகு அவன் காலை வெளியே எடுத்தான். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, சுவரோரம் போய் யாரையும் பார்க்காமல் நின்றான்.

மௌனிகா அவன் சாமான்கள் கிடந்த இடத்துக்குப் போனாள். பாட்டரி ரம்பம் இருந்தது. கையில் எடுத்தாள்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"கவாத்துங்க."

கிழங்குக்கு மேலே ஒரு சாண் விட வேண்டும். பச்சை இருக்கிற இடத்தில் ரம்பம் படக் கூடாது. அவள் மண்டிபோட்டு அடியைத் தடவிப் பார்த்து, இடம் குறித்து, ரம்பத்தை வைத்தாள். முதலில் தோல் தூளாகப் பறந்தது. பிறகு ஒரு கோடு நனைந்தது. பிறகு பெரியவனின் வயிறு ஒரு ஏப்பம் விட்டாற்போலச் சத்தம் போட்டுத் திறந்துகொண்டது. அவள் பக்கவாட்டில் பாய்ந்து விலகிக்கொண்டாள்.

கார்த்திகையும் மார்கழியுமாகச் செரிக்காமல் சேர்ந்தது எல்லாம் ஒட்டுக்கா, ஒரே அடியாக, வெளியே வந்தது. கட்டியாகவும் கூழாகவும் நுரையாகவும் வந்தது. நாப்கின், டயாப்பர், ஆணுறை, கோழித்தோல், ஊறிப்போன மாத்திரை அட்டை, தலைமுடிப் பந்து, யாரோ ஒரு பெரியவரின் பல்செட், தோல் உரிந்த எலிகள். மழைத்தண்ணீர் எல்லாம் முன்பக்கத்துக்கு ஓடிச் சேரட்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள், இதுவும் அந்தச் சரிவிலேயே போனது. மூங்கில் தட்டி சாய்ந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கார்களின் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு போய், பாதி போட்டிருந்த கோலங்களின் மேலே ஏறி, மஞ்சளையும் நீலத்தையும் இழுத்துக்கொண்டு லிஃப்ட் வாசல்படியில் முட்டி நின்றது. குடுவையின் உதடு தரையில் விழுந்து நசுங்கியது. மிச்சமிருந்த மல்லிகை வாசமெல்லாம் அப்போதுதான் பூரணமாக வெளியே வந்தது. பால்கனியில் நின்ற ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுத் துணிமேல் வாந்தியெடுத்தார்.

மௌனிகாவுக்கும் கைகளிலும் முழங்கால்வரையிலும் அப்பியிருந்தது. ஆனால் தம்பி வெளியே நின்றுகொண்டிருந்தான், மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் ரம்பத்தை அணைத்துக் கீழே வைத்தாள்.

விஸ்வேஸ்வரன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, காலை எட்டி எட்டி வைத்து அவள் பக்கம் வந்தார். திட்டப்போகிறார், போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அதற்கான பதிலைக்கூட மனசுக்குள் தயார் செய்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், சுவரோரம் நின்ற கோகுலைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பதற்றம் குறைந்து, ஒரு பெரிய சிக்கல் தீர்ந்தமாதிரித் தெளிவு வந்தது.

"ஏம்புள்ள, நீ இவனோட அக்காளா?" என்றார். குரல் உயரவே இல்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல. செரி, அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் ஒட்டுக்காச் சேந்து மளமளன்னு அள்ளிப்போட்டுருங்க. பத்தலைன்னா உங்காளுங்க இன்னும் நாலு பேர வரச் சொல்லிரு. சாயங்காலத்துக்குள்ள ஆயிருமில்ல?"

'மேடம்' போய்விட்டது. 'டாக்டரம்மா' போய்விட்டது. படித்த படிப்பு, சால்வை, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோ எல்லாம் அந்த ஒரு 'ஏம்புள்ள'யில் போய்விட்டது. அதைச் சொன்ன மனிதருக்கு எதையும் பிடுங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

கோகுல் பழக்க தோஷத்தில் குனிந்து பக்கெட்டை எடுத்தான். மௌனிகா போய் அதை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டாள். இந்த முறை அவன் கையைப் பிடித்தபோது அவளுக்கு அருவருக்கவில்லை. இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"அக்கா, நாறுதுக்கா."

"நாறட்டும். யாருதோ அவங்க அள்ளட்டும்."

"வேலை போயிரும்."

"போகட்டும். வா."

பின்பக்கம் வேலைக்காரர்கள் போகவர ஒரு சின்ன கேட் உண்டு. கோகுல் அந்தப் பக்கம்தான் திரும்பினான். அவள் அவனை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். கார்களுக்கு நடுவே, அழிந்த கோலங்களுக்கு மேலே, லிஃப்ட் இருக்கும் கூடத்துக்குள் ஏறினார்கள். வழியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். எதிரே முன்கதவுக்கு அப்பால் ரோடு தெரிந்தது.

"அந்தப் பக்கம் போகாதீங்க" என்று பின்னாலிருந்து சுகந்தியின் குரல் வந்தது. "வெள்ளை மார்பிளு. கறை போகவே போகாது."

கதவோரம் 'நல்வரவு' என்று எழுதிய மிதியடி ஒன்று கிடந்தது. இருவரும் அதன்மேல் நின்று, அவசரமில்லாமல், கால்களை நன்றாகத் துடைத்துக்கொண்டார்கள்.